பரணில் கிடக்கும் பழைய பொம்மை வீரன்: பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். உள்ளே கை உடைந்த பிளாஸ்டிக் சிப்பாய், தலையில்லாத குதிரை, எந்தப் பொம்மையோடது என்றே தெரியாத ஒரு குட்டித் துப்பாக்கி. "இதையெல்லாம் எதுக்குடா வச்சிருக்க?" என்று அம்மா கேட்பார். அடுத்த அரை மணி நேரத்தில் அது பழைய இரும்புக்காரர் தராசில் இருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் பக்கமும் இதே கதைதான். இந்த மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். லீவில் வரும்போது பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கி வருவது வழக்கம். அப்படி வந்த பொம்மைகளும், திருச்சி, புதுக்கோட்டை கடைகளில் வாங்கியவையும், நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாக் கடையில் வாங்கிய பாக்கெட் சிப்பாய்களும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும்.

இதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு மதிப்பு கிடையாது. ஆனால் சில பொம்மைகளை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அந்த வரிசையில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் பொம்மை வீரர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். எது அரிது, ஏன் அரிது, எப்படிக் கண்டுபிடிப்பது, எதில் ஏமாறக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

எதையெல்லாம் சேகரிக்கிறார்கள்?

பொம்மை வீரர்களைச் சேகரிப்பவர்கள் பொதுவாக நான்கு வகையைத் தேடுகிறார்கள்.

முதல் வகை, உலோகச் சிப்பாய்கள். விரல் நீளம்தான் இருக்கும். காரீயம் கலந்த உலோகத்தில் வார்த்து, கையால் வண்ணம் பூசப்பட்டவை.

இரண்டாவது, பாக்கெட்டில் வரும் ஒற்றை நிற பிளாஸ்டிக் சிப்பாய்கள். பச்சை அல்லது காக்கி நிறத்தில், காலடியில் ஒரு தட்டையான பீடத்தோடு நிற்கும்.

மூன்றாவது, கை, கால், இடுப்பு அசையும் வீரர்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர். 1964ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குல ராணுவ வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 'டால்' என்று சொன்னால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பயந்து வைத்த பெயர் இது.

நான்காவது, ப்ளேசெட். அதாவது வீரர்கள், கோட்டை, வண்டி, ஆயுதம், கொடி எல்லாம் ஒரே பெட்டியில் வரும் முழு செட். கொலுவில் கல்யாண செட், தசாவதார செட் என்று வைப்போமே, அதே மாதிரிதான். ஒரு பொம்மை குறைந்தாலும் செட் அரைகுறை.

இந்த நான்கிலுமே நிஜ ராணுவ வீரர்களும் உண்டு. மந்திரவாதி, அரக்கன், டிராகன், வாள் ஏந்திய மாவீரன் போன்ற கற்பனை வீரர்களும் உண்டு. இந்தக் கற்பனை வகைக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது.

இது எங்கே ஆரம்பிச்சது?

பொம்மைச் சிப்பாய் ரொம்பப் பழையது. ஆனால் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் கைக்கு அதிகமாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1893ல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே வெற்றிடமான உலோகச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்தது.

உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவார்கள். அச்சைத் தொடும் வெளிப்பகுதி முதலில் இறுகும். நடுவில் இன்னும் உருகிய நிலையில் இருப்பதை அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். மிஞ்சுவது ஓடு போன்ற சிப்பாய். உலோகம் மிச்சம், எடையும் குறைவு, விலையும் குறைவு. அதுவரை சந்தையில் கொடிகட்டிப் பறந்த ஜெர்மன் பொம்மைகளை இது ஓரங்கட்டியது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் அது. அதனால் வங்காள குதிரைப்படை வீரர்கள், மெட்ராஸ் காலாட்படை வீரர்கள் என்று இந்தியப் படைப்பிரிவுகளையும் பிரிட்டன்ஸ் செட் செட்டாக விற்றது. நம் ஊர்க்காரர்களைப் போன்ற சிப்பாய்கள் லண்டன் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் இருந்தார்கள். இன்று அந்த செட்டுகள் ஏலத்துக்கு வருகின்றன.

1913ல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் விளையாடுவதற்கான விதிகளை ஒரு தனிப் புத்தகமாகவே எழுதினார். அதன் பெயர் 'லிட்டில் வார்ஸ்'. பெரியவர்களும் பொம்மை வைத்து விளையாடலாம் என்ற எண்ணத்துக்கு அது ஒரு தொடக்கம்.

காரீயம் உடம்புக்குக் கெடுதல் என்ற கவலையும் பிளாஸ்டிக்கின் வருகையும் சேர்ந்து உலோகச் சிப்பாயின் கதையை முடித்தன. பிரிட்டன்ஸ் 1966ல் காரீயச் சிப்பாய் தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு முன்பே அமெரிக்காவில் லூயிஸ் மார்க்ஸ் நிறுவனம், கோட்டையும் வீரர்களும் குதிரைகளும் ஒன்றாக வரும் பிளாஸ்டிக் ப்ளேசெட்டுகளை 1950களில் விற்றுக் குவித்தது.

கற்பனை வீரர்கள் எப்படி வந்தார்கள்?

இதற்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு.

1970களின் தொடக்கத்தில் கேரி கைகேக்ஸ் என்ற அமெரிக்கர், மேசை மீது பொம்மைகளை வைத்துப் போர் விளையாடும் குழுவில் இருந்தார். கற்பனை உலகப் போருக்கு அரக்கப் பொம்மைகள் தேவைப்பட்டன. அப்போது அப்படிப் பொம்மைகள் கிட்டத்தட்ட கிடையாது. மலிவுக் கடையில், 'வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்' என்று ஒரு பாக்கெட் கிடைத்தது. ஹாங்காங்கில் செய்த சில்லறை விலை பிளாஸ்டிக் பொம்மைகள். டைனோசர் என்று சொன்னாலும் எந்த டைனோசரையும் போல இல்லாத விசித்திர உருவங்கள்.

அந்த உருவங்களுக்கு அவர் பெயரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் மிருகம், ஆந்தைத் தலையும் கரடி உடம்புமான மிருகம் என்று அவை உருமாறின. 1974ல் கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் உலகில் அவை இடம்பிடித்தன. இன்றும் அந்த விளையாட்டில் இருக்கின்றன.

திருவிழாக் கடையில் தொங்கும் பாக்கெட் போன்ற ஒரு சாமான் அது. யாருமே பத்திரப்படுத்தவில்லை. அதனாலேயே இப்போது அந்தப் பாக்கெட் பொம்மைகளைச் சேகரிப்பாளர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: விலை உயர்ந்த பொம்மையைப் பூட்டி வைப்பார்கள், மலிவானதைத் தூக்கி எறிவார்கள். ஒரு காலத்தில் மலிவாக இருந்தது பின்னாளில் அரிதாவதற்கு அதுவே காரணம்.

1982ல் மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் வரிசையைக் கொண்டுவந்தது. வாள் ஏந்திய வீரன், மண்டை ஓட்டு முகம் கொண்ட வில்லன், மண்டை ஓட்டு வடிவத்திலேயே ஒரு கோட்டை ப்ளேசெட். தூர்தர்ஷனில் அந்தக் கார்ட்டூன் வந்தபோது இந்தியாவிலும் மவுசு கூடியது. லியோ என்ற பெயரில் இந்தியாவிலேயே உரிமம் பெற்று அந்தப் பொம்மைகள் தயாராகின. அமெரிக்கப் பொம்மைக்கும் லியோ பொம்மைக்கும் வண்ணத்திலும் அட்டையிலும் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகவே இந்தியத் தயாரிப்பைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

டயர் தயாரிக்கும் எம்ஆர்எஃப் நிறுவனம் எல்லோருக்கும் தெரியும். அந்த நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கைகோத்து 1987ல் தொடங்கியதுதான் ஃபன்ஸ்கூல். தலைமையிடம் சென்னை. முதல் தொழிற்சாலை கோவாவில் அமைந்தது. பின்னர் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை வந்தது.

ஹாஸ்ப்ரோ 1982ல் ஜி.ஐ. ஜோவை மூன்றே முக்கால் அங்குல அளவுக்குச் சுருக்கி மறுபடி களமிறக்கியிருந்தது. ஒரு பக்கம் ராணுவ வீரர்கள், எதிரே 'கோப்ரா' என்ற கற்பனை வில்லன் படை. பாம்புச் சின்னம், உலோக முகமூடி, நிஞ்ஜா, விஞ்ஞானி என்று பாதி ராணுவம், பாதி மாயாஜாலம். இந்த வரிசையைத்தான் ஃபன்ஸ்கூல் இந்தியாவில் தயாரித்து விற்றது. 90களில் வளர்ந்த பலருக்குப் பொம்மைக் கடைக் கண்ணாடியில் தொங்கிய அந்த அட்டைகள் ஞாபகம் இருக்கும்.

அமெரிக்காவில் அந்த வரிசை 1994ல் நின்றுபோனது. இந்தியாவில் நிற்கவில்லை. ஹாஸ்ப்ரோவின் பழைய அச்சுகளை வைத்து 2000களின் தொடக்கம் வரை ஃபன்ஸ்கூல் தயாரித்துக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் பிறந்த வீரன், அங்கே ஓய்வுபெற்ற பிறகும் இந்தியக் கடையில் வேலை பார்த்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணையம் பரவியதும் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு இது தெரியவந்தது. அவர்கள் இந்தியாவிலிருந்து வாங்க ஆரம்பித்தார்கள். அவர்களை இழுத்தது வண்ணம்தான். அமெரிக்காவில் ஒரு வீரன் ஒரு நிறத்தில் வந்திருப்பான். இங்கே அதே அச்சில் வேறு நிறச் சட்டை, வேறு நிறத் துப்பாக்கி. ஒரே வீரனே ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் நிறம் மாறி வருவதும் நடந்தது. 'ஸ்ட்ரீட்ஹாக்' போல இந்தியாவில் மட்டுமே வெளியான பொம்மையும் உண்டு.

தொழிற்சாலைக்கு அது தினசரி வேலையில் வரும் சின்ன மாற்றம். சேகரிப்பாளருக்கு அது தனி ரகம். இங்கே ஒரு பையன் மண்ணில் புதைத்து விளையாடிய பொம்மையை, அங்கே ஒருவர் கண்ணாடி அலமாரியில் வைக்கத் தேடுகிறார்.

அப்போ எல்லாப் பழைய பொம்மையும் அரிதா?

இல்லவே இல்லை. வயது மட்டும் மதிப்பைத் தராது. லட்சக்கணக்கில் தயாரான பொம்மை 40 வருடம் ஆனாலும் சாதாரணமாகக் கிடைக்கும். அரிது என்பதை முடிவு செய்வது நான்கு விஷயங்கள்.

1. எத்தனை மிஞ்சியிருக்கு? தயாரானது எத்தனை என்பதைவிட, தப்பிப் பிழைத்தது எத்தனை என்பதுதான் கணக்கு.

2. துணைச் சாமான் இருக்கா? துப்பாக்கி, முதுகுப்பை, தலைக்கவசம், வாள், கேடயம். இவைதான் முதலில் தொலையும். பல நேரங்களில் பொம்மை கிடைக்கும், துப்பாக்கி கிடைக்காது. அதனால் பொம்மையைவிடத் துப்பாக்கி விலை அதிகமாவதும் உண்டு.

3. அட்டையும் பெட்டியும் இருக்கா? ஜி.ஐ. ஜோ அட்டையின் பின்பக்கத்தில் அந்த வீரனின் பெயர், ஊர், திறமை எல்லாம் எழுதிய குறிப்பு இருக்கும். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி அச்சிட்டிருப்பார்கள். அந்தத் துண்டுச் சீட்டு இருந்தால் மதிப்பு கூடும்.

4. உடையாமல் இருக்கா? ஜி.ஐ. ஜோ பொம்மைகளில் அதிகம் உடைவது கட்டை விரல். தடிமனான துப்பாக்கிப் பிடியைக் கையில் திணிக்கும்போது பட்டென்று போய்விடும். அடுத்தது முழங்கை விரிசல்.

பெரிய ப்ளேசெட்டுகள் ஏன் அரிது என்பதும் இதில் புரியும். 1985ல் ஜி.ஐ. ஜோ வரிசையில் ஒரு விமானம் தாங்கிக் கப்பல் வந்தது. நீளம் ஏழரை அடி. நம் வீட்டுக் கட்டிலைவிட நீளம். கம்பி, ஏணி, கொடி, ஸ்டிக்கர் என்று ஏகப்பட்ட உதிரிகள். இத்தனையும் ஒன்றுகூடத் தொலையாமல் நாற்பது வருடம் இருப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் முழு செட்டுக்கு அவ்வளவு மவுசு.

பொம்மையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் தப்பு செய்யும் இடம் இது. பொம்மையின் முதுகிலோ தொடையிலோ குட்டி எழுத்தில் ஒரு வருடம் பொறித்திருக்கும். அது அச்சின் வடிவத்துக்கு உரிமை வாங்கிய வருடம். பொம்மை தயாரான வருடம் அல்ல. '1983' என்று பொறித்த பொம்மை 1995ல் தயாராகியிருக்கலாம்.

சரியான விடை அட்டையில் இருக்கும். இந்தியாவில் 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி, பேக் செய்த மாதமும் வருடமும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டியிருந்தது. அதனால் இந்திய அட்டை கிழியாமல் கிடைத்தால், அந்தப் பொம்மைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி. ரூபாயில் விலை, ஃபன்ஸ்கூல் அல்லது லியோ பெயர், தயாரிப்பு முகவரி எல்லாம் கூடுதல் ஆதாரம். அட்டையைக் குப்பை என்று கிழித்துப் போட்டால் இந்த ஆதாரம் போச்சு.

அட்டை இல்லையா? வாங்கியவரைக் கேளுங்கள். எந்த வருடம், எந்த ஊர்க் கடை, யார் கொண்டுவந்தது? மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தாரா, திருச்சியில் வாங்கியதா? ஒரு சின்னத் தாளில் எழுதி, பொம்மையோடு வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது ஒரு ஆதாரம்.

விலை எவ்வளவு கிடைக்கும்?

2003ல் ஒரு ஏலத்தில், ஜி.ஐ. ஜோ விற்பனைக்கு வரும் முன் கையால் செய்யப்பட்ட மூல மாதிரிப் பொம்மை 2 லட்சம் டாலருக்குப் போனது. இப்படிச் செய்தி வந்ததும் 'நம்ம வீட்டு பொம்மையும் லட்சத்துக்குப் போகும்' என்று நினைப்பது இயல்பு. அந்த மூல மாதிரியும் கடையில் வாங்கிய பொம்மையும் ஒன்றல்ல.

விலை பார்க்கும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது: கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஆன்லைனில் ஒருவர் 50,000 ரூபாய் என்று போட்டு வைத்திருப்பார். யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஏல இணையதளங்களில் 'விற்று முடிந்தவை' என்று தனியாகப் பார்க்கும் வசதி இருக்கும். அதில் உங்கள் பொம்மை மாதிரியே, அதே நிறம், அதே நிலையில் உள்ளது என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதுதான் சந்தை விலை.

வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கே சேகரிக்க நினைப்பவர்களுக்குச் செலவு அதிகம். பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. தபால் செலவு தனி. ஆர்டர் போடும் முன் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது.

ஏமாறாமல் இருப்பது எப்படி?

போலி முழுப் பொம்மையாக வருவதைவிட, துணைச் சாமானாக வருவதுதான் அதிகம். தொலைந்த வாளையும் துப்பாக்கியையும் இப்போது புதிதாக வார்த்தோ, 3டி பிரின்டரில் அச்சடித்தோ விற்கிறார்கள். 'இது புதுசு, மாற்று' என்று சொல்லி விற்றால் தப்பில்லை. பழசு என்று சொல்லி விற்றால் மோசடி. ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்து நிறம், பளபளப்பு, வளையும் தன்மை, எழுத்துகளின் கூர்மையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிக்காத பாக்கெட் என்று சொன்னால், பிளாஸ்டிக் குமிழ் அட்டையோடு ஒட்டியிருக்கும் விளிம்பைப் பாருங்கள். திறந்து மறுபடி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் பசைத் தடமோ, அட்டை கிழிந்த தடமோ தெரியும்.

விற்கும்போது வேறு மாதிரி ஆபத்து. 'பொம்மையை நான் வாங்கிக்கிறேன், பணம் அனுப்ப இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலில் எப்படிப் பாதுகாப்பது?

புதுக்கோட்டை வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகர ஷீட்டுக்குக் கீழே இருக்கும் பரண்தான் பிளாஸ்டிக் பொம்மைக்கு மோசமான இடம். சூட்டில் பிளாஸ்டிக் வளையும், வாள் நெளியும், ஸ்டிக்கர் உரியும். நேர் வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும். வீட்டிலேயே வெயில் படாத, ஈரமில்லாத கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள்.

பாச்சா உருண்டை போடாதீர்கள். பூச்சி வராமல் இருக்கத் துணிப் பெட்டியில் போடுவது போல இதிலும் போடும் பழக்கம் இருக்கு. அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக வைக்கும்.

ரப்பர் மாதிரி மெதுவான பொம்மையையும் கெட்டியான பிளாஸ்டிக் பொம்மையையும் ஒட்டி வைக்காதீர்கள். மெதுவான பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் கசியும். அது பட்ட இடத்தில் பக்கத்துப் பொம்மை உருகியது போல ஆகிவிடும். நடுவில் வெள்ளைத் தாள் வைத்துச் சுற்றுங்கள்.

மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோ பொம்மையின் இடுப்புக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். மேலுடம்பையும் காலையும் பிடித்து வைப்பது அதுதான். வருடங்கள் போகப் போக அது இறுகி அறுந்துவிடும். பொம்மை இரண்டாகப் பிரிந்து கிடந்தால் உடைந்துவிட்டது என்று எறிய வேண்டாம். முதுகில் இருக்கும் திருகாணியைக் கழற்றி, அதே அளவு வளையம் மாற்றினால் வீரன் எழுந்து நிற்பான்.

பேட்டரி போட்ட வண்டி என்றால் பேட்டரியை முதலில் கழற்றுங்கள். கசிந்தால் உள்ளே உள்ள தகடு எல்லாம் அரித்துவிடும். அழுக்கு எடுக்க, மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். தின்னர், நகச்சாயம் அழிக்கும் திரவம் கூடவே கூடாது. மறுபடி பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். புதுப் பெயின்ட் பழைய மதிப்பைக் கெடுத்துவிடும்.

குழந்தை கையில் கொடுக்கலாமா?

உலோகச் சிப்பாய் என்றால் கொடுக்கவே கூடாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. பழைய சிப்பாய்களில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

சிப்பாய் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காரீயம் அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மரப்பெட்டியிலிருந்தும் அட்டைப் பெட்டியிலிருந்தும் வரும் அமில ஆவி இதைக் கிளப்பிவிடும். பொடியை ஊதாதீர்கள், தேய்க்காதீர்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மரமில்லாத, காற்றோட்டமான கண்ணாடி அலமாரியில் தனியாக வையுங்கள்.

இதை வீட்டில் உருக்கிப் பார்க்கும் வேலையும் வேண்டாம். அந்தப் புகை ஆபத்தானது. பழைய ஈயம் என்று எடைக்குப் போடுவதிலும் இதே சிக்கல்: மதிப்பும் போகும், உருக்குபவர் உடம்பும் கெடும்.

பழைய பிளாஸ்டிக் பொம்மைக்கும் எச்சரிக்கை உண்டு. இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தையவை இன்றைய விதிப்படி சோதிக்கப்பட்டவை அல்ல. அலமாரியில் வைத்துக் காட்டுங்கள். வாயில் வைக்கும் வயசுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

30, 40 வருடப் பொம்மையை வாங்க, விற்கச் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப் பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் பொருந்தும். தொல்பொருளைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

குளத்தூர் பக்கத்தில் இது முக்கியமான விஷயம். ஐயனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளும் காவல் வீரர்களும் பார்க்கப் பொம்மைப் படை மாதிரி இருக்கலாம். ஆனால் அவை பொம்மை அல்ல. புரவி எடுப்பில் ஊர் கூடி, நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து வைத்தவை. உடைந்து கிடந்தாலும் அங்கேயே கிடந்து மண்ணாவதுதான் மரபு. 'யாருக்கும் வேண்டாத பழசுதானே' என்று எடுத்து வருவது திருட்டு. அப்படி யாராவது விற்க வந்தால் வாங்குவதும் குற்றம்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் இடம் சொந்த வீடுதான். பிறகு சித்தப்பா வீடு, தாத்தா வீட்டுப் பரண். ஒரு பழைய பெட்டியைத் திறந்தால் பொம்மையை மட்டும் எடுக்காமல், அடியில் கிடக்கும் தூசியையும் சலித்துப் பாருங்கள். அரை அங்குலத் துப்பாக்கி அங்கேதான் இருக்கும்.

வெளியே தேட நினைத்தால், பக்கத்தில் காரைக்குடியின் பழைய பொருள் கடைகள் பிரபலம். செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களோடு பழைய பொம்மைகளும் அங்கே கண்ணில் படலாம். பொம்மைகளை எப்படி வரிசைப்படுத்தி, குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்று பார்க்க விரும்புபவர்கள் டெல்லி போனால், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965ல் தொடங்கிய சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

எதைச் சேகரிப்பது என்று ஒரு எல்லை வைத்துக்கொள்வது நல்லது. 'ஃபன்ஸ்கூல் வீரர்கள் மட்டும்', 'திருவிழாக் கடைப் பாக்கெட் சிப்பாய்கள் மட்டும்' என்று ஆரம்பித்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும், அறிவும் ஆழமாகும். திருவிழாக் கடைப் பொம்மைகளை இப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அன்று அந்த ஹாங்காங் பாக்கெட்டையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

விற்கப் போவதில்லை என்றாலும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. பெட்டியை இறக்கி, ஒவ்வொரு பொம்மையையும் அதன் சாமானோடு தனித்தனிக் கவரில் போட்டு, முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, யாருடையது, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். பாதிப் பொம்மைக்கு ஐந்து பைசா கிடைக்காமல் போகலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து அப்பா வாங்கி வந்த முதல் பொம்மை எது என்பதற்கு, அடுத்த போகிக்கும் வீட்டில் பதில் இருக்கும்.